கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்

திங்கள், 10ஆம் தேதி, மாலை

அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கப்பலின் மேல்தளத்தில் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருப்பது இங்கே படகுத்துறையிலிருந்தே தெரிகிறது. நூறு பேர் நடுவிலும் நீ உட்காரும் தோரணை எனக்குத் தெரியும்.

இன்று மூன்று படகுகள் வந்தன. முதல் படகில் நீ இல்லை. கூட்டம் குறையட்டும் என்று இருந்திருப்பாய் என்று நினைத்தேன். இரண்டாவதிலும் இல்லை. முழங்கால் வலியோடு ஏணியில் இறங்கப் பயந்திருப்பாய், யாராவது கைபிடித்து இறக்குவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது படகில் கடைசி ஆளும் இறங்கி, கயிற்றைக் கட்டிவிட்டு படகுக்காரர் தேநீர் குடிக்கப் போன பிறகும் நான் மடச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பட்டியலோடு நின்ற கப்பல் பெண்ணிடம் கேட்டேன். "அவங்களா? கப்பல்லயே இருந்துக்கறேன்னு சீட்டுல டிக் போட்டுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. எனக்கு எதுதான் தெரிந்திருக்கிறது.

கப்பல் சனிக்கிழமை நண்பகல்வரை இங்கேயே நிற்கும். அதுவரை பயணிகள் தீவு விடுதியில் வந்து தங்கலாம், வேண்டாதவர்கள் கப்பலிலேயே இருக்கலாம். கடலைக் கடந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கூப்பிடு தூரத்தில் பெற்ற பெண் நிற்கும்போது, எந்த அம்மா இரண்டாவது கட்டத்தில் டிக் போடுவாள்?

இங்கே வேலை செய்கிறவர்களின் அம்மா அப்பாவுக்குக் கப்பல் பயணமும் விடுதி அறையும் ஒரே ஒரு தடவை கொடுப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை இல்லை, வேலைக்காலம் முழுவதற்கும் ஒரு தடவை. அதைத்தான் உனக்காகக் கேட்டு வாங்கினேன். ஆறு வருஷமாக நாம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் எண் அறையை நானே பார்த்துப் பார்த்துத் தயார் செய்தேன். குளியலறையில் நீ பிடித்துக்கொள்ள கம்பி வைக்கச் சொல்லி தச்சரிடம் இரண்டு நாள் சண்டை போட்டேன்.

உன் போன் கப்பலில் எடுக்கவில்லை. தீவில் வேலை செய்கிறவர்கள் கப்பலில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் இதைத் துணிப்படகுக்காரரிடம் கொடுக்கிறேன். காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் வெளுத்த விரிப்புகளை அங்கே கொடுத்துவிட்டு அழுக்கை இங்கே எடுத்து வருகிறவர் அவர். சீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றிக்கொண்டு வா. என்ன கோபமோ, வந்து திட்டு.

உன் மகள்


செவ்வாய், 11ஆம் தேதி, மதியம்

மூக்கிக்கு,

கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று உனக்கு நான் அந்தப் பெயர் வைத்தபோது உனக்கு நாலு வயது. இன்னும் இறங்கவில்லை என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது.

விடுதி வரவேற்பறைத் தாளில் எழுதியிருக்கிறாய். மேலே நாலு நட்சத்திரம், தங்க எழுத்து. தாள் வரவேற்பறையுடையது, வாசனை சலவை சோப்புடையது. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணியறையில் வேலை பார்த்தவளுக்கு அந்த வாசனை தெரியாதா? யாரை ஏமாற்றுகிறாய்?

கப்பலேறிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அறைப் பையன் புது விரிப்பைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். மடிப்பில் ஒரு மூலை மட்டும் உள்ளே தள்ளியிருந்தது. பிரித்துப் பார்த்தேன், நடுவில் தையல். கிழிந்து தைத்த விரிப்பை அப்படி மூலை தள்ளி மடிப்பது என்னுடைய வழக்கம். அடுக்கைக் கலைக்காமலே எது தைத்தது, எது முழுசு என்று தெரியவேண்டும்; ஆபரேஷன் அறைக்குத் தைத்தது போய்விடக் கூடாது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேறு யாரும் அப்படி மடித்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய ஒருத்தி மட்டும்தான் அதைப் பார்த்திருக்கிறாள். "இதெல்லாம் எங்க வெளுக்கறாங்க?" என்று பையனைக் கேட்டேன். நீ இருக்கிற தீவின் பெயரைச் சொன்னான். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வருஷமாக மாதம் ஒரு தடவை, இரண்டு நிமிஷம், போனில் என்ன சொன்னாய்? "வரவேற்பு மேலாளரா இருக்கேம்மா, ஏசி ரூம்மா." நானும் அதைத் தெருவெல்லாம் சொன்னேன். எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னேன், மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற பெண்ணைக்கூட விடவில்லை. அடுத்தவர்களின் ரத்தத்தையும் சீழையும் நான் அலசியது எதற்கு? நீ அலசாமல் இருக்கத்தானே? பட்டம் வாங்கிய கையால் நீ விரித்துப் போட, அதில் நான் மகாராணி மாதிரி காலை நீட்டிப் படுக்க வேண்டுமா? எனக்கு வேண்டாம்.

கப்பலில் இப்போது மொத்தம் பதினேழு பேர்தான் இருக்கிறோம். முழங்கால் வலிக்காரர்கள், புருஷனோடு கோபித்துக்கொண்டவர்கள், அப்புறம் நான். சாப்பாட்டு மேசையில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு வேளையும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படிக்கிறார். எனக்குப் பொழுது போகிறது. என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அம்மா


புதன், 12ஆம் தேதி, காலை

அம்மா,

சரி. பொய்தான் சொன்னேன். இப்போது உண்மையைக் கேட்டுக்கொள்.

நான் இந்த விடுதியின் துணியறைப் பொறுப்பாளர். எனக்குக் கீழே பதினொரு பேர். ஐந்து பெரிய மெஷின், இரண்டு இஸ்திரி உருளை, தையலுக்கு ஒரு தனி அறை. விடுதித் துணி, கப்பல் துணி, சமையல்கட்டுத் துணி எல்லாம் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. நீ பார்த்த அந்த விரிப்பை மடித்தது நான் இல்லை. இங்கே சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்லிக் கொடுப்பது அந்த மூலை மடிப்பைத்தான். "யாரு கண்டுபிடிச்சது மேடம்?" என்று கேட்பார்கள். "எங்கம்மா" என்பேன். உன் வேலையை நான் இங்கே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே உட்கார்ந்துகொண்டு அதற்காக மூக்கைச் சிந்துகிறாய்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால், உனக்காகத்தான் சொன்னேன். முதல் தடவை போன் செய்தபோது, "எங்கடி இருக்கே, உயிரோட இருக்கியா?" என்று நீ கேட்கவில்லை. "நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?" என்றுதான் கேட்டாய். நாலு பேருக்குச் சொல்ல ஒரு பதவியைக் கொடுத்தேன். உனக்கு அது போதுமாக இருந்தது. புருஷன் வீட்டை விட்டு ஏன் வந்தாய், அவன் என்ன செய்தான், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எழுபத்திரண்டு போன் அம்மா. ஒன்றில்கூடக் கேட்கவில்லை.

இப்போது கேள்வி கேட்கும் முறை என்னுடையது. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதற்காகவா என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாய்? நேராகப் பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

நேற்று மதியம் ஒன்பதாம் எண் அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று மேனேஜர் வந்து நின்றார். "சனிக்கிழமை வரைக்கும் அது எங்கம்மா ரூம். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும்" என்றேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். உன் மகளிடம் இங்கே யாரும் அவ்வளவு சுலபமாக வாய் கொடுக்க மாட்டார்கள்.

மகள்


புதன், 12ஆம் தேதி, மதியம்

மூக்கி,

பதினொரு பேரை மேய்க்கிற திமிர் எழுத்திலேயே தெரிகிறது. நல்லது. ஆனால் அம்மாவை அந்தப் பதினொரு பேரோடு சேர்த்துவிடாதே.

பெருமையாகச் சொல்கிறாயாம். எனக்கு ஒரு பெருமையும் இல்லை. கை வெடித்து, ஈரத்தில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, சோறு பிசைய முடியாமல் நான் ஸ்பூனால் சாப்பிட்ட நாட்களை நீ பார்த்திருக்கிறாய். அதில் போய் என்ன பெருமை? மெஷின் இருக்கிறது, உருளை இருக்கிறது என்கிறாய். துணி துணிதான்.

கேட்கவில்லை, கேட்கவில்லை என்று குத்துகிறாய். ஆமாம், கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று கேட்கவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நேராகப் பதில் சொல்லச் சொன்னாய். துணி வேலை என்பது ஒரு காரணம்தான். மூலை மடிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் நிஜம். அதே நேரத்தில், அப்பாடா, இறங்காமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்தது என்று உள்ளே ஒரு நிம்மதியும் வந்தது. அதுவும் நிஜம். அந்தச் சீட்டை நான் வாங்கியதும் பேனாவைக் கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை. ஒன்பதாம் எண் அறையில் என்னால் படுக்க முடியாது. கம்பி வைத்தாலும், தங்கத்தில் கட்டில் போட்டாலும் முடியாது. ஏன் என்று கேட்காதே.

அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். வீணாகக் கிடக்க வேண்டாம்.

அம்மா


வியாழன், 13ஆம் தேதி, காலை

அம்மா,

"ஏன் என்று கேட்காதே" என்றால் நான் விட்டுவிடுவேன் என்று நினைக்கிறாயா? நேற்று மாலை உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உருளையில் ஒரு மேசைவிரிப்பைக் கருக்கிவிட்டேன். இந்த ஆறு வருஷத்தில் நான் கருக்கிய முதல் துணி.

என் மேல் உனக்கு இருக்கும் கோபம் என்ன என்று எனக்குத் தெரியும். புருஷன் வீட்டை விட்டு வந்த பெண், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்காணாத தீவுக்கு ஓடிவிட்டாளே என்பதுதான். அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வேகிறாய். அப்படியென்றால் ஒன்று சொல்கிறேன். இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன். கேட்டால் உன் மனசு உடைந்துவிடும் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் உன்னிடம்தான் முதலில் வந்தேன். இங்கே வருவதற்கு எட்டு மாதம் முன்னால். ஒரு பை, போட்டிருந்த செருப்பு, அவ்வளவுதான். அவன் மூன்றாவது தடவை கை நீட்டிய நாள் அது. மத்தியானம் மூன்று மணிக்கு நம் வீட்டு வாசலில் நின்று மணியை அடித்தேன். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றதும் திரும்ப அடிக்கலாம் என்று காத்திருந்தேன். அடித்தேன். திரும்பவும் மிக்ஸி. கதவைக்கூடத் தட்டினேன். அதற்குள் அவன் தம்பியின் பைக் தெருமுனையில் திரும்பியது. பையைப் பிடுங்கிக்கொண்டான். "அண்ணி, தெருவில மானத்தை வாங்காதீங்க, ஏறுங்க" என்றான். ஏறினேன்.

உன்னை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அம்மாவுக்குக் கேட்கவில்லை, மிக்ஸி சத்தம், கேட்டிருந்தால் கையில் கரண்டியோடு ஓடிவந்து அவனை விரட்டியிருப்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த எட்டு மாதமும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் இருந்தேன். எனக்குப் பிடிமானம் அது ஒன்றுதான். ஆகவே ஓடிப்போனவள் என்று என்னை வையாதே. நான் வந்தேன். உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்போதாவது சீட்டை மாற்று. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

உன் மகள்


வியாழன், 13ஆம் தேதி, மதியம்

மகளே,

கடிதத்தை மேல்தளத்தில் உட்கார்ந்து படித்தேன். கணக்கு வாத்தியார் வந்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலை சுற்றுகிறது என்றேன். அவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இதை எழுதுகிறேன். இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

மணிச் சத்தம் எனக்குக் கேட்டது.

நீ வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் உன் புருஷன் போன் செய்தான். "அங்கதான் வருவா. உள்ள விட்டீங்கன்னா அவளை நீங்களே வெச்சுக்குங்க, நாங்க விவாகரத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கறோம்" என்றான். கடன் வாங்கிக் கல்யாணம் செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணம். நீ வந்தாய், மணி அடித்தாய். கதவில் இருக்கிற ஓட்டை வழியாகப் பார்த்தேன். உதடு வீங்கியிருந்தது. அதையும் பார்த்தேன்.

சமையல்கட்டுக்குப் போய் மிக்ஸியைப் போட்டேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டால் நீயாகத் திரும்பிப் போய்விடுவாய், இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நிறுத்தினேன், மணி அடித்தது, திரும்பப் போட்டேன். ஜாரில் ஒன்றுமே இல்லை. வெறும் ஜார். கருகிய வாசனை வருகிறவரை ஓடியது. பைக் சத்தம் கேட்டு, அது தூரப் போன பிறகுதான் நிறுத்தினேன்.

அந்த மிக்ஸியை அப்புறம் நான் தொடவில்லை. பழுதாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"எனக்குப் பிடிமானம் அது ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பொய்யை நம்பி நீ எனக்கு விரித்த கட்டிலில் எப்படிப் படுப்பேன்? அதனால்தான் இறங்கவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாவிட்டாலும் சரி.

அம்மா என்று எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் வேறு என்ன எழுதுவது.

அம்மா


வெள்ளி, 14ஆம் தேதி, காலை ஐந்தரை

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். துணிப்படகுக்காரர் வாசலில் நின்று, "இன்னிக்கு ஒண்ணும் இல்லையா தங்கச்சி?" என்று கேட்டார். கொஞ்சம் இருங்கள் என்றேன். இவ்வளவு நேரத்தில் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவுதான்.

பாவி. உன்னைத் திட்ட எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. என் உதட்டைப் பார்த்தாயா? பார்த்துவிட்டா போனாய்? முன்பின் தெரியாத நோயாளிக்குத் தைத்த விரிப்பு போய்விடக் கூடாது என்று மூலை மூலையாக மடித்து வைத்தவள் நீ. வாசலில் நின்றவள் யார்?

அந்த எட்டு மாதம் எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம். சொல்கிறேன், கேள். எனக்கு இடது காது கேட்காது. நீ கதவைத் திறக்காத நாளுக்கு அப்புறம் ஐந்தாவது மாதம், கதவு நிலையில் என் தலையை மோதினான். எழுபத்திரண்டு தடவையும் வலது காதில் போனை வைத்துக்கொண்டுதான் உன் நாலு பேருக்குப் பதில் சொன்னேன்.

என்னால் உன்னை மன்னிக்க முடியாது. இன்று முடியாது. நாளைக்கு முடியுமா என்று தெரியாது. ஆனால் இப்படித் தாளில் திட்டி எனக்கு ஆறவில்லை. உன் முகத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். தொண்டை கட்டுகிறவரை கத்த வேண்டும்.

அறை இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. இன்று எனக்கு வேலை இல்லை. ஒன்பதாம் எண் அறைக்குள் போய் உட்கார்ந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளப்போகிறேன். பத்து மணிக்கு விருந்தினர் படகு வரும். நீ வந்து வெளியே நின்று தட்டு. திறப்பேன் என்று சொல்லவில்லை. திறப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ தட்டு. பலமாகத் தட்டு, எனக்கு ஒரு காதுதான்.


வெள்ளி, 14ஆம் தேதி, காலை ஆறேகால்

மூக்கி,

துணிப்படகுக்காரர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். இந்தப் படகிலேயே ஏறிவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், கப்பல்காரர்கள் விடவில்லை. சீட்டு மாற்றுகிற அறை ஒன்பது மணிக்குத்தான் திறக்குமாம். அந்த அறை வாசலில் இப்போதே போய் நிற்கிறேன். பத்து மணிப் படகில் வந்துவிடுவேன்.

உன் காதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதுகிற விஷயம் இல்லை அது.

நீ அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது திற, தோன்றாவிட்டால் விடு. கப்பல் போனால் போகட்டும். நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முழங்கால்காரி என்று இரக்கப்பட்டு நாற்காலி எதையும் வெளியே போட்டு வைக்காதே. நின்றுகொண்டே தட்டுகிறேன்.

அம்மா